ஒன்றரை வருடச் சேவைப் பணம்: ஓய்வுபெற்ற பயணிக்கு ஸ்மார்ட் போன் கட்டுப்படியாகுமா?

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை உச்சிக்கு ஏறத்தாழ 5,500 படிகள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீளும் பருவத்தில், நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்குபவர்கள் 2,243 மீற்றர் உயரத்தில் சூரியோதயம் காண்கிறார்கள். 1344இல் இதே உச்சியை நோக்கி இபன் பதூதா புறப்பட்டபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குத் தூக்கிகளையும் நான்கு யோகியரையும் பிராமணர்களையும் சுமைகாரர்களையும் துணைக்கு அனுப்பினான். வழி சொல்ல, வேளை சொல்ல, பின்தங்கியவரைத் தேட எந்தக் காலத்திலும் யாராவது ஓர் ஆள் இருந்தார். சிங்கள யாத்திரைக் குழுக்களில் அவர் 'நடே குரா'. சபரிமலைக்குப் புறப்படும் தேயிலைத் தோட்டத்துக் குழுக்களில் அவர் குருசாமி.

அந்த ஆளின் வேலையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்துவிட்டதாக ஸ்மார்ட் போன் சொல்லிக்கொள்கிறது. வேலை ஓய்ந்தபின் பயணம் போகிறவருக்கு அது கொடுக்கும் விலைக்குத் தகுமா? இந்தக் கேள்வியை இங்கே இரண்டு வகையினரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ நல்லதண்ணிக்கு வந்திறங்கும் ஓய்வூதியர் ஒருவகை. கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும், கொழும்பில் கடையில் நிற்கும் மகனிடமும், கதிர்காமத்துக்கும், வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தியாவுக்கும் போய்வரும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் மறுவகை. முதல் வகையினரைப் பற்றி உலகெங்கும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் வகையினர் பக்கமே நிற்கிறது.

விலையை எதனால் அளப்பது?

தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வரும் ஊழியர் சேமலாப நிதி (தொழிலாளி 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம்), ஊழியர் நம்பிக்கை நிதி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படியான சேவைக்காலப் பணம் ஆகிய மூன்றும் மொத்தமாகக் கைக்கு வரும், அத்தோடு சரி. நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்பது கணக்கு.

உதாரணத்துக்கு 30,000 ரூபாய்ப் போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தையில் அது சாதாரணப் போன். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட, அப்போதைய நாளாந்த அடிப்படைச் சம்பளமான 1,350 ரூபாயால் வகுத்தால் 22 நாளுக்குச் சற்று மேல். சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்துவிட்டுக் கையில் வருவதை மட்டும் எண்ணினால் 24 நாள். சேவைக்காலப் பணத்தின் கணக்கில் ஒன்றரை வருடத்துக்கும் மேல். ஒன்றரை வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்ததற்கான வெகுமதி ஒரு கண்ணாடித் துண்டுக்குப் போகிறது. எழுபதைக் கடந்த வறியவர்களுக்கு 2025இல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் கொடுப்பனவால் அளந்தால், ஆறு மாதம் அதில் ஒரு சதமும் தொடக்கூடாது.

விலை ஏன் இவ்வளவு என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2022 தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணயமாற்று அந்த மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத பெறுமதி சேர் வரியும் கைத்தொலைபேசிகள்மீது விழுந்தது. ஒரு முறை கொடுப்பதோடு செலவு முடிவதும் இல்லை. மாதாமாதம் டேட்டா ரீலோட், கண்ணாடி உடைந்தால் மாற்று, சில வருடங்களில் பழைய மென்பொருளில் வாட்ஸ்அப் நின்றுபோக அடுத்த போன். மூன்று வருடம் உழைத்தால் மேற்சொன்ன போனின் விலை மட்டும் மாதம் 830 ரூபாய்க்கு மேல் வருகிறது. பட்டன் போனுக்கு இந்தக் கணக்கு அநேகமாக இல்லை.

விலாசம் இல்லாதவர்களின் தொலைபேசி

தொலைபேசி ஏழைக்குத் தேவையா என்ற கேள்வி ஸ்மார்ட் போனுக்கு முந்தியது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த மெய்ட்லண்ட் ஆணைக்குழு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உலகின் எல்லா மனிதரும் எளிதில் எட்டும் தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும் என்று 1980களின் நடுப்பகுதியில் சொன்னபோது, அது ஆடம்பர ஆசையாகவே பலருக்குப் பட்டது. குடிநீர் இல்லாத இடத்தில் தொலைபேசி எதற்கு என்பது அன்றைய எதிர்வாதம். இன்று 'ஸ்மார்ட் போன் எதற்கு' என்று கேட்கும்போது அதே வாதம்தான் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது.

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி வரலாறு உண்டு. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் அறைக்குத் தெருப்பெயரோ வீட்டிலக்கமோ இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்டக் காரியாலயத்தில் இறங்கும். அங்கிருந்து எப்போது, யார் கையால், பிரிக்கப்படாமல் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து வந்த கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் குடும்பங்கள் பாதியாகப் பிரிந்து ஒரு பாதி நீலகிரிக்கும் கூடலூருக்கும் போனபோது, மறுபாதி அவர்களோடு பேச வைத்திருந்த ஒரே வழி அந்தக் கடிதம்தான். துரையின் பங்களாவிலும் தொழிற்சாலையிலும் தொலைபேசி மணி அடித்ததே தவிர லயத்துக்கு அது எட்டவில்லை. பிறகு ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் 'கொமியூனிகேஷன்' கடைகள் வந்தன. நிமிடக் கணக்கில் காசு கொடுத்து, பின்னால் நிற்பவர் கேட்கக் கேட்கப் பேச வேண்டும்.

இலங்கையில் 1989இலேயே செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. தெற்காசியாவில் அதுவே முதல். அது லயத்துக்குள் நுழையப் பல வருடங்கள் ஆயின. நுழைந்தபோது தோட்டத்து ஆளுக்குக் காரியாலயத்தைத் தாண்டிய ஒரு சொந்த விலாசம் முதன்முறையாகக் கிடைத்தது. வரவு செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. ஆனால் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: அந்த விலாசத்தைத் தந்தது பட்டன் போன். ஸ்மார்ட் போன் அதற்கு மேல் எதைத் தருகிறது என்பதே விவாதத்துக்குரியது.

கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் வறியவர்களின் தொலைபேசிப் பாவனையை ஆராயத் தொடங்கியது. வருமானம் கூடியது என்பதைவிட, அவசரத்துக்கு உதவியது, உறவைப் பேண முடிந்தது என்பவற்றையே மக்கள் பெரும் பயனாகச் சொன்னதாக அவ்வாய்வுகள் காட்டின. 'மிஸ் கோல்' கொடுத்து, காசே செலவழிக்காமல் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று சொல்லும் வித்தையும் அக்காலத்தில் பரவியதுதான். பஸ் ஏறிய பெற்றோருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றை மணியே போதுமாக இருந்தது.

மீன் விற்பவரும் ஓய்வுபெற்றவரும்

'போன் தன் விலையைத் தானே சம்பாதிக்கும்' என்ற நிலைப்பாட்டுக்கு மிக அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று கேரளக் கடற்கரையிலிருந்து வருகிறது. பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 1997 முதல் 2001 வரை வடகேரளத்தில் செல்லிடத் தொலைபேசி பரவப் பரவ, கரைக்குக் கரை மீன் விலை வேறுபாடு சுருங்கியதையும், விற்காமல் வீணாகும் மீன் குறைந்ததையும் காட்டினார். பின்னர் ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பரலும் அதே கேள்வியோடு கேரள மீனவரிடம் மறுபடி சென்றார்கள். எந்தக் கரையில் விற்பது என்பதை விலை மட்டும் தீர்மானிக்கவில்லை, கடன் கொடுத்த ஏலக்காரருடனான பிணைப்பும் தீர்மானித்தது என்று அவர்கள் சுட்டினார்கள்.

நமது கேள்விக்கு இதன் பொருத்தம் குறைவு. ஓய்வுபெற்றவர் எதையும் விற்கவில்லை. பயணத்தில் அவர் மிச்சம் பிடிக்கக்கூடியது ஆட்டோக் கட்டணத்திலும் விடுதி வாடகையிலும் கொஞ்சம். 2015இல் வந்த பிக்மீ போன்ற செயலிகள் கொழும்பில் பேரம் பேசும் தொல்லையைக் குறைத்தது உண்மை. வருடத்துக்கு இரண்டு தடவை கொழும்புக்குப் போகிறவர் அப்படிச் சேமிப்பதைக் கொண்டு 30,000 ரூபாயை மீட்க எத்தனை வருடம் ஆகும் என்று போட்டுப் பார்த்தாலே இந்த வாதம் தளர்ந்துவிடும்.

உறவின் கணக்கு

இரண்டாவது நிலைப்பாடு மானிடவியலிலிருந்து வருகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் மில்லரும் கூட்டாளிகளும் அயர்லாந்து, இத்தாலி, கமரூன், உகண்டா, ஜப்பான் முதலிய நாடுகளில் நடுவயதினரோடும் முதியவர்களோடும் நீண்ட காலம் பழகி 2021இல் வெளியிட்ட நூல், ஸ்மார்ட் போனை ஒரு கருவியாக அல்ல, மனிதர் குடியிருக்கும் ஓர் இடமாகப் பார்க்கிறது. தூரத்திலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து இருக்க ஒரு வீடு. எங்கே போனாலும் கூடவே வரும் வீடு.

மலையகத்துக்கு இந்த உவமை நன்றாகவே பொருந்துகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்தவரின் பிள்ளைகள் ஒருவர் குவைத்தில், ஒருவர் கொழும்பில் என்று இருக்கையில், ஐ.எம்.ஓ.விலும் வாட்ஸ்அப்பிலும் முகம் பார்த்துப் பேசுவதுதான் குடும்பம் ஒன்றுகூடும் திண்ணை. எழுத வராதவருக்குக் குரல்செய்தி ஒரு வரம். கடிதம் எழுதித்தர ஆள் தேட வேண்டியதில்லை. பயணத்தில் இருப்பவர் கோபுரத்தைக் காட்டுகிறார், பேரப்பிள்ளை அங்கிருந்தே கும்பிடுகிறது. இதைப் பட்டன் போனால் செய்ய முடியாது.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனம், போன் வைத்திருப்பவர்களிடமிருந்தே அது தன் சான்றைத் திரட்டுகிறது என்பது. வீட்டுக்குள் குடியேறியவரிடம் வீடு தேவையா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அத்தோடு, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று மணிக்கொரு தடவை விசாரிக்கும் பிள்ளைகளின் அன்பு, நாற்பது வருடம் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நேரத்துக்கு ஓடியவருக்கு இன்னொரு கங்காணியாகவும் ஆகலாம். பயணம் என்பதே சிலருக்கு அதிலிருந்து கொஞ்சம் தப்புவதுதானே.

'பழகவில்லை' என்ற விளக்கம்

முதியவர் ஏன் வாங்குவதில்லை என்று கேட்டால், தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்ற பெயரில் பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த விளக்கம் இன்றும் முதலில் வருகிறது. பயன் உண்டு, பாவிக்கச் சுலபம் என்று தோன்றினால் மனிதர் ஏற்பார் என்பது அதன் சாரம். அலுவலக ஊழியரையும் முகாமைத்துவ மாணவரையும் வைத்துக் கட்டப்பட்ட மாதிரி அது. 2014இல் ஹொங்கொங்கில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்த சென், சான் இருவரும், முதியவர்கள் விடயத்தில் மனப்பாங்கைவிட உடல்நிலை, கல்வி, தன்னால் முடியும் என்ற துணிவு, உதவிக்கு ஆள் இருப்பது ஆகியவை அதிகம் விளக்குவதாகக் கண்டார்கள். அந்த 'உதவிக்கு ஆள்' என்பதற்கு மரியா பகர்ட்ஜீவா 'நெருக்கமான நிபுணர்' என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்தார். தொழில்நுட்பமும் தெரியும், கேட்பவரின் வாழ்க்கையும் தெரியும். அதனால் எரிச்சலோடாவது சொல்லிக்கொடுப்பார்.

லயத்தில் அவர் பேரன் அல்லது பேத்தி. 2020, 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல வீடுகளுக்கு முதல் ஸ்மார்ட் போன் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காகவே வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். அந்தப் போன் பழசானபின் தாத்தாவிடம் இறங்குகிறது. ஆகவே 'வாங்கலாமா' என்ற கேள்வியே பல முதியவர்களுக்கு எழுவதில்லை. போன் மேலிருந்து கீழே வருகிறது, பற்றரி பாதி செத்த நிலையில். பயணத்துக்கு அதை நம்பலாமா என்பது வேறு விடயம். அதோடு, பழக்கித்தரும் பேத்தி ஹட்டனில் இருக்க, சிக்கல் வருவது இராமேஸ்வரத்தில்.

இடைவழி ஒன்றும் முயன்று பார்க்கப்பட்டது. இந்தியாவில் 2017இல் வந்த ஜியோபோன், பட்டன் உடலில் இணையத்தை வைத்தது. அடுத்த வருடம் வாட்ஸ்அப்பும் வந்தது. பின்னர் வாட்ஸ்அப் அந்தவகைப் போன்களைக் கைவிட்டது. மலிவான வழி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பது வாங்குபவரின் கையில் இல்லை.

கருமபீடம் மூடும்போது

மேற்கண்ட மூன்று பார்வைகளுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: போனை வாங்குவதும் விடுவதும் தனியாள் விருப்பம். அண்மைக்கால அனுபவம் இதைத்தான் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

ஸ்பெயினில் 2022இல், வலென்சியாவைச் சேர்ந்த 78 வயது ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான், 'எனக்கு வயதாகிவிட்டது, நான் முட்டாளல்ல' என்ற கோரிக்கையோடு ஆறு இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டினார். வங்கிகள் கருமபீடங்களை மூடி எல்லாவற்றையும் செயலிக்குள் தள்ளியதே அவருடைய முறைப்பாடு. சில வாரங்களில் வங்கிகள் முதியவர்களுக்கான நேரடிச் சேவை குறித்து உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

சபரிமலையில் அதே கதை பக்தியின் மொழியில் நடந்தது. 2024 பருவத்துக்கு இணையவழி முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே தரிசனம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், பம்பை, எருமேலி முதலிய இடங்களில் நேரில் பதிவு செய்ய வழி விடப்பட்டது. இலங்கையிலிருந்து இருமுடி கட்டிப் போகும் முதிய சாமிக்கு இது சின்ன விடயமல்ல. இந்திய விசாவும் இணையத்தில். தரிசன வரிசையும் இணையத்தில். அங்கே பல சேவைகள் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ இந்திய இலக்கத்துக்கு மட்டுமே வரும். விலை உயர்ந்த போன் கையில் இருந்தும் உள்ளூர் சிம் இல்லாவிட்டால் வாசலில்தான் நிற்க வேண்டும். நடைமுறையில் இதைத் தீர்ப்பவர் மறுபடியும் குருசாமிதான்: ஒரு குழு, ஒரு போன், எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதியும் அதில்.

உள்நாட்டு உதாரணங்கள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது, குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டுக் காட்டினாலும் செல்லுபடியானது. போன் இல்லாதவர் கொமியூனிகேஷன் கடையில் ஒரு பிரதி எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். இலக்கமுறைத் திட்டம் ஒன்று கடதாசிக்கு இடம் விட்டால் முதியவருக்குப் போன் தேவைப்படாது என்பதற்கு இது நல்ல சான்று. மறுபக்கம் மலைநாட்டு ரயில். ஹட்டனில் மூன்றாம் வகுப்புச் சாதாரண டிக்கெட்டை இன்னமும் கருமபீடத்தில் வாங்கலாம். முன்பதிவு ஆசனம் இணையத்தில் திறந்த கணத்தில் தீர்ந்துவிடுகிறது. எல்ல ரயிலின் இ-டிக்கெட்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டுக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது பற்றி 2025 தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே விசாரிக்க நேர்ந்தது. அங்கே போன் வைத்திருப்பவரும் தோற்கிறார்.

இந்த வாதம் முந்தியவற்றைவிட வலுவானதாகவே எனக்குப் படுகிறது. போனின் பெறுமதியை நிர்ணயிப்பதில் போனைவிட எதிர்ப்பக்கக் கருமபீடத்துக்குப் பங்கு அதிகம். கருமபீடம் திறந்திருந்தால் 30,000 ரூபாய் ஒரு வசதி. மூடிவிட்டால் அது வாசல் வரி. என்றாலும் இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கருமபீடத்துக்குப் போய்வரவும் செலவு உண்டு. நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா வழியாக ஹட்டனுக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதை. முழங்கால் வலிக்காரருக்குத் திறந்த கருமபீடமும் மூடியதற்குச் சமமாகலாம்.

மலையிலும் மழையிலும்

பாதுகாப்புக்காகவே போன் என்று வாதிடுபவர்கள் உண்டு. 2016இல் இரண்டு மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். இருக்கும் இடத்தை வரைபடத்தில் அனுப்பலாம் என்பது ஸ்மார்ட் போனின் மேலதிக நன்மை. ஆனால் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதை ஒன்றுதான், எந்த அம்பலத்துக்கு அருகே என்று சொன்னாலே போதும். பட்டன் போனில் டோர்ச் உண்டு, எப்.எம். வானொலி உண்டு, சார்ஜ் நாட்கணக்கில் நிற்கும். குளிரில் படம் பிடித்துக்கொண்டே ஏறும் ஸ்மார்ட் போன் இறங்குவதற்குள் அணைந்துவிடக்கூடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவுகளை இறக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர அற்றுப்போயின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. சிங்களத்தில் மட்டும் வரும் செய்தியை வாசிக்க முடியாதவருக்கு அது எந்தத் திரையில் வந்தாலென்ன?

மோசடி அழைப்புகள் பற்றிய அச்சம் நியாயமானதே. சேமலாப நிதிப் பணம் மொத்தமாக வங்கியில் கிடக்கும் ஒருவரிடம், கடவுச்சொல்லைக் கேட்கும் ஒரு குரலுக்கு ஸ்மார்ட் போன் வசதியாகக் கதவு திறந்துவிடும். ஆனால் அது போனை மறுப்பதற்கான காரணமா, வங்கிக் கணக்கை அதனோடு இணைக்காமல் விடுவதற்கான காரணமா என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு.

எண்ணப்படாதவர்கள்

இவ்வளவு வாதங்களுக்கும் அடியில் தரவு மெலிந்தே இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை 5 முதல் 69 வயது வரை மட்டுமே அளக்கிறது. லேர்ன் ஏசியா 2018இல் நடத்திய இணையப் பாவனை மதிப்பாய்வு 15 முதல் 65 வரை. தோட்டத் துறை நகரத்துக்கும் கிராமத்துக்கும் பின்னால் நிற்பதை இத்தகைய கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. எழுபது வயதுத் தோட்டத்துப் பெண் அவற்றில் எங்கும் இல்லை. முதியோர் கொடுப்பனவுக்குத் தகுதி பெறும் வயதில், எண்ணிக்கையிலிருந்து அவர் விழுந்துவிடுகிறார்.

எனவே தனியாள் போனா, குழுவுக்கு ஒன்றா என்ற கேள்வி இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. ஆய்வுகள் 'உங்களிடம் போன் இருக்கிறதா' என்று கேட்கின்றன. 'உங்கள் பயணத்தில் யாரிடமாவது இருந்ததா' என்று கேட்பதில்லை. பிள்ளையிடமிருந்து இறங்கிய பழைய போனின் உண்மையான செலவு எவ்வளவு, அதை யார் ரீலோட் செய்கிறார் என்பதும் அப்படியே. லயத்துக்கு வீட்டிலக்கமும் நேரடித் தபாலும் கிடைத்துவிட்டால் போனின் பெறுமதி எவ்வளவு குறையும் என்பதை இதுவரை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே: கடல் கடந்த பிள்ளை இருப்பவருக்கும், கருமபீடம் இல்லாத வாசல்களுக்குப் போகிறவருக்கும் ஒன்றரை வருடச் சேவைப் பணம் பெரும்பாலும் வீண் போகாது. வருடத்துக்கு ஒருமுறை குழுவோடு மலை ஏறி இறங்குகிறவருக்கு, வழிநடத்துபவரின் கையிலுள்ள ஒரு போனும் தன் மடியிலுள்ள பட்டன் போனும் போதாது என்று காட்டும் சான்று இன்னும் வரவில்லை.